பிடிக்க வேண்டிய பெல்ட், வழுக்க வேண்டிய எண்ணெய்

காரின் எஞ்சினில் நான்கைந்து லிட்டர் ஆயில் ஊற்றுகிறோம். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுகிறோம். சில கார்களில் அந்த எஞ்சினின் மேலேயே இன்னொரு இயந்திரம் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதற்குள் இருக்கும் எண்ணெய் ஒரு டீ கிளாஸ் அளவுதான். நூறு மில்லிலிட்டரை ஒட்டி. இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள் என்று சில கார்களின் கையேட்டில் ஒரு வரிகூட இருக்காது. வேகம் கூடுதல், எண்ணெய் குறைவு, ஆனால் ஆயுள் மட்டும் பல மடங்கு என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறதே?

அந்த இயந்திரத்தின் பெயர் சூப்பர்சார்ஜர். மிகைக்காற்றூட்டி என்று தமிழில் சொல்லலாம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு பீய்ச்சிவிடலாம், தட்டுப்பாடு காற்றுக்குத்தான். பிஸ்டன் இறங்கும்போது தானாக உறிஞ்சுகிற காற்றோடு நிற்காமல், மேலும் கொஞ்சம் காற்றைத் திணித்தால், அதே எஞ்சினில் கூடுதல் பெட்ரோலை எரித்துக் கூடுதல் சக்தியை எடுக்கலாம். டர்போசார்ஜரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. சூப்பர்சார்ஜரைப் பெரும்பாலும் ஒரு ரப்பர் பெல்ட் மூலம் எஞ்சினே சுழற்றுகிறது. நம் ஊர்ச் சாலைகளில் டர்போ சாதாரணம், சூப்பர்சார்ஜர் அபூர்வம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது பல குடும்பக் கார்களிலேயே வந்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1990களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பான்டியாக், பியூக் கார்களில் 3.8 லிட்டர் வி6 எஞ்சின் ஒன்றைப் பொருத்தியது. சூப்பர்சார்ஜர் இல்லாத வடிவம் 205 குதிரைத்திறன். ஈட்டன் நிறுவனத்தின் எம்90 சூப்பர்சார்ஜரை மேலே வைத்த வடிவம் 240. எம்90 என்ற பெயரில் இருக்கும் எண்ணுக்குப் பொருள் உண்டு. ஒரு சுற்றுக்கு 90 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்றை அது தள்ளும். 3.8 லிட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு அதில் பாதியை, 1.9 லிட்டரை, விழுங்கும். சூப்பர்சார்ஜர் எஞ்சினைப்போல் இரு மடங்கு வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் 1.9 லிட்டர் கேட்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 3 லிட்டர் வந்து சேர்கிறது. இடமில்லாத காற்று குழாயில் நெருக்கியடித்து நிற்கும். அந்த நெருக்கடிதான் சூப்பர்சார்ஜர் தரும் அழுத்தம்.

இந்த வகை ஊதியின் வரலாறு காரைவிடப் பழையது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். உருக்கு உலைக்கும் சுரங்கத்துக்கும் காற்று ஊதிக்கொண்டிருந்த ‘ரூட்ஸ் ஊதி’ பிறகு கார்களுக்கு வந்தது. நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். தொட்டிக்குள் காற்றுக் குமிழ் விடுவதற்கு ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு ஊதி இருக்கும். அந்த ஊதி பெரும்பாலும் ரூட்ஸ் வகைதான். அதன் பக்கவாட்டில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். எண்ணெய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைத் திறக்காமலே அதில் பார்த்துவிடலாம். காரில் இருக்கும் ஊதியில் அந்தக் கண்ணாடியைக் காணோம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்ஸ் ஊதிக்குள் இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒன்றின் புடைப்பு மற்றதன் பள்ளத்துக்குள் புகுந்து வெளியேறும். ஆனால் ஒன்றையொன்று தொடாது. உறையின் சுவரையும் தொடாது. தொட்டால் உலோகம் சிராய்ந்து தூளாகும். அந்தத் தூள் நேராக எஞ்சினுக்குள் போகும். விலகி நின்றாலும் ஆபத்து. இடைவெளி வழியாகக் காற்று பின்னால் ஒழுகிவிடும். ஆகவே மயிரிழை இடைவெளியில், நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றில், தொடாமலே சுழன்றாக வேண்டும். இதைச் சாதிப்பவை சுழலிகளின் முனையில் பூட்டியிருக்கும் ஒரு ஜோடிப் பற்சக்கரங்கள். பெல்ட் ஒரு சுழலியைத்தான் திருப்புகிறது. பற்சக்கரம் மற்றதைத் துல்லியமாக எதிர்த்திசையில் திருப்புகிறது. எண்ணெய் இருப்பது இந்தப் பற்சக்கர அறையில் மட்டும். சுழலிகள் இருக்கும் காற்றறையில் ஒரு சொட்டு எண்ணெயும் இருக்கக் கூடாது. இரண்டு அறைகளுக்கும் நடுவே காவல் நிற்பது ஆயில் சீல் என்கிற ரப்பர் உதடு.

ஆக, காற்றைத் தள்ளும் வேலை இரண்டே பொருட்களை நம்பி நடக்கிறது. ஒன்று, வெளியே ஓடும் பெல்ட்; அது வழுக்கவே கூடாது. மற்றது, உள்ளே இருக்கும் எண்ணெய். அது வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றுக்கு உராய்வு உயிர், மற்றதற்கு உராய்வு எமன். பராமரிப்பு என்பது இந்த இரண்டையும் அதனதன் இடத்தில் நிறுத்தி வைக்கும் வேலைதான்.

முதலில் பெல்ட். அது சுமக்கும் பாரம் எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 2015 மாடலாக வந்த டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் காரின் எஞ்சின் 707 குதிரைத்திறன். அதன் மேலிருக்கும் திருகு வகைச் சூப்பர்சார்ஜர் எஞ்சினைப்போல் 2.36 மடங்கு வேகத்தில், அதிகபட்சம் நிமிடத்துக்கு 14,600 சுற்று சுழலும். அதைச் சுழற்ற மட்டும் 80 குதிரைத்திறன் வரை செலவாகிறது. ஒரு சிறிய காரின் முழு எஞ்சினும் தரக்கூடிய சக்தி அது; இங்கே ஒரு ரப்பர் பட்டை வழியாகப் போகிறது. சூப்பர்சார்ஜர் கப்பியின் விட்டம் 65 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்த வேகத்தில் பெல்ட் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் ஓடும். அதன் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையிலான இழுவிசை வேறுபாடு ஏறக்குறைய 120 கிலோ எடைக்குச் சமம். கப்பியில் பல் இல்லை, கொக்கி இல்லை. ரப்பரின் உராய்வு ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அது எப்படி முடிகிறது? முரட்டுக் காளையைப் பிடித்துக்கொண்டு போகிறவர் அது திமிறும்போது கயிற்றைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவார். பிறகு ஒரு கையால் முனையைப் பிடித்தாலே போதும். காளை இழுத்துக் களைத்துப்போகும். மரத்தைத் தொட்டிருக்கும் கயிற்றின் ஒவ்வொரு சிறு துண்டும் உராய்வால் கொஞ்சம் பாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு மிச்சத்தை அடுத்த துண்டுக்குத் தருகிறது. இதனால் பிடிமானம் சுற்றுக்குச் சுற்று கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரு சுற்றில் ஆறரை மடங்கு; இரண்டாவது சுற்றில் 43 மடங்கு. 18ஆம் நூற்றாண்டின் கணிதமேதை லியோனார்டு ஆய்லர் இந்தப் பெருக்கத்துக்கு விதி கண்டார். கப்பியைச் சுற்றும் பெல்ட்டுக்கும் அதே விதிதான்.

அந்த விதியிலிருந்து மூன்று உண்மைகள் கிடைக்கின்றன. பிடிமானம் கப்பியின் பருமனைப் பொறுத்ததன்று, பெல்ட் எவ்வளவு கோணம் அதைத் தழுவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்காகவே சூப்பர்சார்ஜர் கப்பிக்குப் பக்கத்தில் ஒரு வெறும் கப்பியை வைத்துப் பெல்ட்டை வளைத்துத் திருப்புகிறார்கள். அடுத்து, தளர்ந்த பக்கத்தில் கொஞ்சமாவது இழுவிசை இருக்க வேண்டும். கயிற்றின் முனையைப் பிடித்திருப்பவர் கையை விட்டுவிட்டால் எத்தனை சுற்று இருந்தும் பயனில்லை. காரில் அந்தக் கையின் வேலையைச் செய்வது டென்ஷனர் என்கிற சுருள்வில் கை. மூன்றாவது உராய்வுக் கெழு. அது பெருக்கலுக்குள் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் குறைந்தாலும் பிடிமானம் சரிந்து விழும்.

உராய்வைக் கூட்டுவதற்கு ஒரு நல்ல உத்தி உண்டு. இந்தப் பெல்ட்டின் உட்புறத்தைப் பாருங்கள். நீளவாக்கில் ஆறு, எட்டு என்று வரிகள் ஓடும். 6பிகே என்று பெல்ட்டில் அச்சடித்திருந்தால் ஆறு வரி என்று பொருள். பின்னால் வரும் எண் மில்லிமீட்டரில் நீளம். ஒவ்வொரு வரியும் ஆப்பு வடிவம். கப்பியில் அதற்கேற்ற 40 பாகைப் பள்ளம். பெல்ட்டை இழுக்கும்போது வரி பள்ளத்துக்குள் ஆப்பாக இறங்கி இரண்டு சுவர்களையும் நெரிக்கிறது. தட்டைப் பெல்ட்டோடு ஒப்பிட்டால் இதனால் பயன்படும் உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இந்த மூன்று மடங்கு கிடைக்க ஒரு நிபந்தனை: வரியின் பக்கங்கள்தான் கப்பியைத் தொட வேண்டும், அடிப்பகுதி தொடக் கூடாது.

பெல்ட் தேயும் விதம் இங்கேதான் முக்கியமாகிறது. பழைய நியோபிரீன் பெல்ட்டுகள் வயதானால் குறுக்கே வெடிப்பு விடும். அதைப் பார்த்தே மெக்கானிக் மாற்றச் சொல்வார். சுமார் 2000ஆம் ஆண்டை ஒட்டி இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் அந்த இடத்துக்கு வந்தது. அது வெடிப்பு விடாமல் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் டயர் தேய்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அகலமாகும். கடைசியில் கப்பியின் முகடுகள் பெல்ட்டின் பள்ளத்து அடியைத் தொட்டுவிடும். அப்போது ஆப்பு வேலை நின்றுவிடும். மூன்று மடங்கு உராய்வு ஒரு மடங்குக்கு இறங்கும். கண்ணால் பார்த்தால் பெல்ட் புதுசுபோலவே இருக்கும். வெடிப்பு இல்லை, ஆகவே பெல்ட் நன்றாக இருக்கிறது என்ற பழைய தீர்ப்பு இதனால்தான் இன்று செல்லாது. தேய்மானத்தை அளக்கச் சிறிய பிளாஸ்டிக் அளவி கிடைக்கிறது. அதைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் வரிகளுக்கு மேலே எழுந்து நிற்க வேண்டும். உள்ளே அமுங்கிப்போனால் பெல்ட்டை மாற்ற வேண்டும்.

பெல்ட் வழுக்குகிறதா என்று ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? முதலில் சத்தம் வராது, சக்தி குறையும். சாதாரண வேகத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மிதியை முழுதாக அழுத்தி எஞ்சின் உச்ச வேகத்தை நெருங்கும்போது மட்டும் அழுத்தமானியின் முள் எட்ட வேண்டிய இடத்தை எட்டாது. சூப்பர்சார்ஜர் கேட்கும் சக்தி வேகத்தோடு ஏறுகிறது. அதே நேரத்தில் பெல்ட்டும் தன் வேகத்தாலேயே கப்பியை விட்டு விலகிப் பறக்கப் பார்க்கிறது. பாரம் உச்சத்தில் இருக்கும் அந்தத் தருணத்தில்தான் பிடியும் குறைவாக இருக்கிறது. பானட்டைத் திறந்தால் கப்பியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும். பெல்ட்டின் வரிகள் கண்ணாடிபோல் பளபளக்கும்.

சத்தம் வருமானால் அதைக் கேட்டுக் காரணம் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கைகளையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். கீச் கீச் என்ற சத்தம் சட்டென்று அடங்கிச் சற்று நேரத்தில் மறுபடி வந்தால், கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். வரிகள் பள்ளத்துக்குள் சாய்வாக நுழைந்து உரசுகின்றன; தண்ணீர் அந்த உரசலைத் தற்காலிகமாகத் தணிக்கிறது. மாறாகத் தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. ஏற்கெனவே குறைந்திருந்த பிடியைத் தண்ணீர் மேலும் குறைத்துவிட்டது. முதல் வகைக்குப் புது பெல்ட் மாட்டிப் பயனில்லை. கப்பியைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் வகையில் பார்க்க வேண்டியது டென்ஷனர். பெல்ட் மேல் தெளிக்கும் பிசின் மருந்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சத்தம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். பிசினில் ஒட்டும் புழுதி வேறு வரிகளை அரிக்கும்.

இனி எண்ணெய். பற்சக்கரத்தின் இரண்டு பற்கள் மோதும்போது நடுவில் எண்ணெய் எப்படித் தங்குகிறது? அழுத்தினால் பிதுங்கி வெளியே போய்விட வேண்டியதுதானே? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதை ஒரு மரத்தக்கையில் தொடங்குகிறது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே ஏறி வழிந்தது. மரத்தக்கையால் அடைத்தார், எண்ணெய் தக்கையைத் தள்ளி வெளியே எறிந்தது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டி முள் ஏறியது. யாரும் பம்ப் வைத்து எண்ணெயைச் செலுத்தவில்லை. சுழலும் அச்சே தன் மேல் ஒட்டிய எண்ணெயை ஒடுங்கும் இடுக்குக்குள் இழுத்துக்கொண்டுபோய் அழுத்தத்தை உண்டாக்கியிருந்தது. அச்சு உலோகத்தின் மேல் உட்காரவில்லை, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்கான கோட்பாட்டை வகுத்தார்.

ஆனால் பற்சக்கரம் அச்சைவிடக் கடினமான சிக்கல். பற்கள் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடுகின்றன. அந்தக் கோட்டில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு வரை போகலாம். ரெய்னால்ட்ஸின் கோட்பாட்டை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் படலம் இருக்கவே முடியாத அளவுக்கு மெலிந்துவிடுகிறது. ஆனால் நல்ல பற்சக்கரங்கள் தேயாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுவதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கணக்கில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருந்தன. அவ்வளவு அழுத்தத்தில் எஃகுகூடச் சற்று நசுங்கித் தட்டையாகிறது. பாரம் கொஞ்சம் பரவுகிறது. அதைவிட முக்கியம், எண்ணெயின் பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் குணம், அழுத்தத்தில் பல்லாயிரம் மடங்கு ஏறுகிறது. பற்களின் நடுவே அகப்பட்ட அந்தக் கணத்தில் எண்ணெய் திடப்பொருளை நெருங்கிவிடுகிறது. பிதுங்கி ஓட அதற்கு நேரமில்லை. பல் விலகியதும் மறுபடி திரவமாகிறது. இதை மீள்நெகிழ் மசகு என்று சொல்லலாம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டங்கன் டவுசனும் ஹிக்கின்சனும் 1959இல் இதற்கான கணக்கைத் தீர்த்துக் காட்டினார்கள்.

அந்தப் படலத்தைக் கண்ணாலேயே பார்த்தும் விட்டார்கள். 1963இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கோஹரும் கேமரனும் எண்ணெய் தடவிய எஃகு உருண்டையைக் கண்ணாடிப் பரப்பின் மேல் அழுத்திச் சுழற்றி, கண்ணாடி வழியாக ஒளி பாய்ச்சினார்கள். தண்ணீரில் சிந்திய எண்ணெயில் தெரியும் வானவில் நிறங்கள் உருண்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தோன்றின. எந்த இடத்தில் எந்த நிறம் என்று பார்த்துப் படலத்தின் தடிமனைக் கணக்கிட முடிந்தது. அது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. எம்90இன் பற்கள் இத்தனை மெல்லிய படலத்தின் மேல்தான் வாழ்கின்றன.

படலம் இவ்வளவு மெலிதென்றால் அதற்கு லிட்டர் கணக்கில் எண்ணெய் எதற்கு? டீ கிளாஸ் அளவு ஏன் போதும் என்ற கேள்விக்கு இது பாதி விடை. பற்சக்கரம் தன் அடிப்பகுதியை மட்டும் எண்ணெயில் நனைத்துக்கொண்டு சுழல்கிறது. தெறிக்கும் துளிகளே தாங்கிகளுக்கும் போய்ச் சேர்கின்றன. எண்ணெய் கூடினால் கெடுதல்தான். பற்கள் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும்; சக்தி வெப்பமாகும், நுரை எழும். நுரையில் பாதி காற்று. காற்றால் படலம் அமைக்க முடியாது. சூடேறி விரிந்த எண்ணெய் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறும். இந்த எண்ணெயைப் பொறுத்தவரை, நிறைய ஊற்றினால் நல்லது என்ற நம் வழக்கமான எண்ணம் ஆபத்தானது.

மறுபாதி விடை அழுக்கில் இருக்கிறது. எஞ்சின் ஆயில் கெடுவதற்குப் பெரிய காரணம் அதற்குப் பக்கத்தில் எரியும் நெருப்பு. கரி, எரியாத பெட்ரோல், நீராவி, அமிலம் எல்லாம் அதில் கலக்கின்றன. சூப்பர்சார்ஜரின் பற்சக்கர அறைக்கும் நெருப்புக்கும் தொடர்பில்லை. ஆகவே அதன் எண்ணெய் எஞ்சின் ஆயிலைவிடப் பல மடங்கு காலம் தாங்கும். தொடக்கத்தில் இடித்த கணக்கு இப்போது பொருந்துகிறது.

ஆனால் பல மடங்கு என்பது வேறு, என்றைக்கும் என்பது வேறு. காற்றை அழுத்தினால் சூடேறும். 30 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகும் ரூட்ஸ் வகை ஊதியிலிருந்து காற்று ஏறக்குறைய 100 டிகிரியில் வெளிவரும். கீழே எஞ்சின், உள்ளே சூடான காற்று. எண்ணெயின் வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் ஆக்ஸிஜனேற்றம் சுமார் இரு மடங்காகும் என்பது மசகுத்துறையில் எல்லாரும் பயன்படுத்தும் விதி. வெப்பத்தில் வெந்த எண்ணெய் கறுத்து, நாற்றமெடுத்து, பிசினாகிறது. பற்கள் தேய்ந்து விழும் இரும்புத் துகள் எங்கேயும் போக வழியில்லை, ஏனென்றால் இந்த அறையில் ஃபில்டர் கிடையாது. ஓட ஓட அதே துகள் அதே பற்களுக்கு நடுவே மறுபடி மறுபடி அரைபடுகிறது. மைக்ரானுக்கும் குறைவான படலத்தை ஒரு சில மைக்ரான் துகள் கிழித்துவிடும்.

எண்ணெய் குறைந்துகொண்டே போவதும் உண்டு. எம்90 பொருத்திய எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது. நிதானமாக ஓட்டும்போது திராட்டில் பாதி மூடியிருக்கும். சுழலி அறையில் உறிஞ்சும் விசை உருவாகும். அந்த உறிஞ்சல் சீலின் உதட்டைத் தாண்டிப் பற்சக்கர அறையின் எண்ணெயைத் துளித்துளியாக இழுக்கிறது. சீலுக்கு வயதாக ஆக இழுப்பு கூடும். போன எண்ணெய் காற்றோடு கலந்து எஞ்சினில் எரிந்துவிடும். தரையில் சொட்டாது. நூறு மில்லிலிட்டர் ஆண்டுக்கணக்கில் எரிந்தால் புகையும் தெரியாது. கழிவுநீர் ஊதியில் இருக்கும் அந்த வட்டக் கண்ணாடி இங்கே இல்லை என்று சொன்னேனே, அதன் விலை இதுதான். கெட்டதும் தெரியாது, தீர்ந்ததும் தெரியாது.

தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002 முதல் 2006 வரை விற்ற மினி கூப்பர் எஸ் காரைப் பார்க்கலாம். அதில் இருப்பது ஈட்டனின் எம்45, எம்90இல் பாதி. அதன் ஒரு முனையில் பெல்ட். மறுமுனையிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பைச் சுழற்றுகிறார்கள். இரண்டு முனையிலும் தனித்தனி எண்ணெய் அறை. பராமரிப்பு அட்டவணையில் இந்த எண்ணெயை மாற்றும் வேலை இல்லை. ஆண்டுகள் பல ஓடிய வண்டிகளைப் பிரித்தவர்கள் நீர்ப்பம்புப் பக்கத்து அறை கிட்டத்தட்ட வறண்டு கிடப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அங்கே பற்கள் தேய்ந்து போனால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் எஞ்சின் கொதிக்கும். டீ கிளாஸ் எண்ணெயில் தொடங்கியது எஞ்சினின் தலைப்பகுதியில் போய் முடியும்.

இந்த விஷயத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் கையேடு நேர்மையானது. மூன்று ஆண்டுக்கு அல்லது சுமார் 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எம்90இன் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிக்கும் எண்ணெய் மேலே பீறிட்டு அடிக்கலாம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியிருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகு திறக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு மணல் துகளை வடிகட்ட அங்கே எதுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. எண்ணெய் திருகுமறையின் கடைசிப் புரியைத் தொட்டு நின்றால் சரியான மட்டம்.

மாற்றுவதாக இருந்தால், அடியில் வடிக்கும் துளை கிடையாது. சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தேன் நிறமென்றால் நல்லது. கறுப்பும் கெட்ட வாடையும் வயதின் அடையாளம். காந்தத்தை அருகே கொண்டுபோனால் மினுமினுப்பு அதில் ஒட்டுகிறதென்றால் பற்களோ தாங்கிகளோ தேய்கின்றன. அதை எண்ணெய் மாற்றித் தீர்க்க முடியாது. புதிதாக ஊற்றுவது அந்தச் சூப்பர்சார்ஜருக்கென்று சொல்லப்பட்ட செயற்கை எண்ணெயாக இருக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் எஞ்சின் ஆயிலை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. எஞ்சின் ஆயிலில் கரியைப் படியவிடாமல் மிதக்க வைத்திருக்கும் வேதிப்பொருட்கள் நிறைய இருக்கின்றன. இங்கே கரியே இல்லை. இங்கே வேண்டியது நுரைக்காத குணமும் பல் அழுத்தத்தில் கிழியாத படலமும். மையவிலக்கு வகைச் சூப்பர்சார்ஜர்களில் சில எஞ்சின் ஆயிலையே குழாய் வழியாக வாங்கிக்கொள்கின்றன, சிலவற்றுக்குத் தனி எண்ணெய். எந்த வகை என்பதை அதன் தயாரிப்பாளர் சொல்வதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றும் நாளில் இன்னொன்றையும் செய்யுங்கள். சூப்பர்சார்ஜர் கப்பியைக் கையால் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் கொஞ்சம் நெகிழ்வு தெரிந்தால் அஞ்ச வேண்டாம். எஞ்சினின் வெடிப்புத் துடிப்புகள் பற்சக்கரத்தை அடிக்காமலிருக்க உள்ளே வைத்த நெகிழ் இணைப்பு அது. எம்90இல் இந்த இணைப்பு தேய்ந்தால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும். இணைப்பை மட்டும் மாற்றினால் தீரும். மாறாக, திருப்பும்போது கையில் நறநறப்பு தெரிந்தால் தாங்கி போய்க்கொண்டிருக்கிறது.

கப்பிக்குப் பின்னால் ஈரமும் எண்ணெயும் கலந்த அழுக்கு வளையம் தெரிகிறதா என்றும் பாருங்கள். முன்பக்கச் சீல் ஒழுகினால் உள்ளே வழுக்க வேண்டிய எண்ணெய் வெளியே பிடிக்க வேண்டிய பெல்ட்டுக்கு வந்துவிடும். உராய்வுக் கெழு 0.3 இருக்கும் உலர்ந்த பெல்ட் கப்பியைப் பாதிச் சுற்றுத் தழுவியிருந்தால், ஆப்பு வடிவத்தின் தயவில் தளர்ந்த பக்கத்தைப்போல் 15 மடங்கு இழுவிசையைத் தாங்கும். எண்ணெய் பட்டுக் கெழு 0.1க்கு இறங்கினால் இரண்டரை மடங்குதான். அந்தப் பெல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டுவது வீண். ரப்பர் எண்ணெயைக் குடித்திருக்கும். சீலையும் பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கூடுதல் சக்திக்காகச் சூப்பர்சார்ஜர் கப்பியைச் சிறியதாக மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். மினியில் இது மிகப் பிரபலம். கப்பி சிறுத்தால் சுழற்சி வேகம் ஏறும், காற்று சூடேறும், எண்ணெய் சீக்கிரம் வேகும். பெல்ட் கூர்மையாக வளையும், தழுவும் கோணமும் குறையலாம். தொழிற்சாலை சொன்ன எந்தப் பராமரிப்பு இடைவெளியும் அந்த வண்டிக்குப் பொருந்தாது. அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இப்படிப்பட்ட கார் ஒன்றைப் பழையதாக வாங்குகிறீர்கள் என்றால், எண்ணெய் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். இல்லையென்றால் பிறந்ததிலிருந்து மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே எண்ணெயை மாற்றுங்கள், பெல்ட்டின் பள்ளத்தை அளந்து பாருங்கள். எண்ணெயும் பெல்ட்டும் சேர்ந்து ஆகும் செலவு, சூப்பர்சார்ஜரைக் கழற்றிப் பிரித்துச் சீரமைக்கும் செலவில் மிகச் சிறிய பங்குதான்.